அடுப்பங்கரையில் ஒரு தராசு

உழைத்து உண்பது மனிதனுக்கு இறைவன் வகுத்த கடமை. உழைப்பின் பயனை நேர்மையாகப் பெறுவது அவனுக்கு அவர் அளித்த உரிமை. கடமையைப் பற்றி நம் மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். உரிமையைப் பற்றி, அதிலும் வீட்டிலிருந்தவாறே உழைக்கும் தாய்மாரின் உரிமையைப் பற்றி, குறைவாகவே பேசப்படுகிறது. ஆகவே நம் பங்குகளில் இன்று பல இல்லங்களில் தொடங்கப்பட்டு வரும் ஒரு சிறு தொழிலை முன்னிட்டு, இதைக் குறித்துச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். கேக், பிஸ்கட், ரொட்டி முதலியவற்றை வீட்டிலேயே சுட்டு விற்கும் தொழிலே அது.

இத்தொழிலைத் தொடங்க எண்ணும் சகோதரிகள் முதலில் ஆராய்வது, எந்த ஓவன் வாங்கலாம் என்பதைத்தான். முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல தராசு என்பேன். மாவையும் சீனியையும் நிறுப்பதற்கு அத்தராசு பயன்படும். அதனோடு மனத்துக்குள்ளும் ஒரு தராசு வேண்டும். கேட்கும் விலை சரியா, கொடுக்கும் வாக்கு சரியா, வீட்டின் அமைதி குலையாதிருக்கிறதா என்று நிறுத்துப் பார்க்க அது உதவும். திருவள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் சான்றோருக்குத் துலாக்கோலையே உவமையாக்கினார். லேவியர் நூலிலும் நீதிமொழிகள் நூலிலும் நேரிய எடைக்கற்களைப் பற்றி இறைவன் எத்தனை முறை பேசுகிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், தராசு அவருக்கு முன் எவ்வளவு புனிதமான பொருள் என்பது விளங்கும்.

நம் கரைக்குப் புதிதன்று

அடுப்பில் சுடும் பலகாரம் மேல்நாட்டு நாகரிகம், நமக்கு எதற்கு என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. நம் கடலோரத்திற்கு அது புதிதன்று. முத்துக்குளித்துறை மக்கள் 1535-ஆம் ஆண்டிலிருந்து திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். அந்நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நம் நாட்டிற்குக் கொணர்ந்தவற்றுள் முந்திரியும் ஒன்று. ஐரோப்பாவில் பாதாம் பருப்பைக் கொண்டு செய்யும் மக்ரூன், தூத்துக்குடியில் முந்திரிப் பருப்பைக் கொண்டு நம் பலகாரமாகவே ஆகிவிட்டது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரை நிற்கும்வரை அடித்து, சீனியும் பொடித்த முந்திரியும் கலந்து, தாள் கூம்பினால் சிறு கோபுரங்களாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர விடுவார்கள். இன்று அவ்வூருக்குச் செல்வோர் அதை வாங்காமல் திரும்புவதில்லை.

மின்சார ஓவன் வருவதற்கு முன்பே நம் பாட்டிமார் சட்டியின் கீழே கனலும், மூடியின் மேலே கனலும் இட்டுக் கிறிஸ்துமசுக்குக் கேக் சுட்டனர். இன்றும் குக்கரின் அடியில் மணல் பரப்பி, வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அதனுள் தட்டை வைத்துக் கேக் செய்யும் இல்லங்கள் உண்டு. ஆதலால் கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. அதைத் தொழிலாக்கும்போது தேவைப்படும் ஒழுங்குதான் இன்னும் பழக வேண்டியது.

இதில் நம் குடும்பங்களுக்கு என்ன இலாபம் என்று கேட்கலாம். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் இனம் பெருக இத்தடை தேவையானதே. ஆனால் அந்த இரண்டு மாதங்களில்தான் பள்ளிக் கட்டணமும் சீருடையும் புத்தகமும் வந்து நிற்கும். கையில் காசில்லாத அந்நேரத்தில்தான் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பார். அளவு மீறிய வட்டியைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. எனினும் சட்டத்தைவிட விரைவாக வந்து சேர்வது தேவையே. வாரம் ஆயிரம் ரூபாய் தாயின் கையால் வீட்டுக்குள் வருமானால், அக்குடும்பம் அந்த வாசற்படியை மிதிக்காமலிருக்கக்கூடும். இச்சிறு தொழிலின் பெருமை அதில்தான் இருக்கிறது.

மாவின் நிறை

சமையலில் கைப்பதம் போதும். குழம்பில் உப்புக் குறைந்தால் பின்னர் சேர்க்கலாம். கேக்கில் அது இயலாது. ஓவனுக்குள் சென்றபின் திருத்த வழியில்லை. ஒரே கோப்பையில் மைதாவை அமுக்கி எடுத்தால் ஒரு நிறை, தளர எடுத்தால் மற்றொரு நிறை. நேற்று நன்றாக வந்த கேக் இன்று ஏன் நடுவில் பள்ளமானது என்று வருந்துவோர் பலருக்கும் காரணம் இதுவே. பேக்கிங் பவுடர் சற்று மிகுந்தால் கேக் விரைந்து எழும்பி, பின் அமர்ந்துவிடும். மைதாவைச் சேர்த்தபின் அதிகம் அடித்தால் பசைத்தன்மை கூடி, கேக் இரப்பரைப் போலாகும். ஆகவே கிராம் கணக்கில் நிறுத்து, அக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தொடக்கத்தில் ஒரே ஒரு பண்டத்தை நன்றாகச் செய்யப் பழகுங்கள். பழைய முறையிலான வெண்ணெய்க் கேக்குக்கு மைதா 250 கிராம், வெண்ணெய் 250 கிராம், சீனி 250 கிராம், ஐந்து முட்டை என்று சம நிறையாகக் கொள்வது எளிய கணக்கு. வெண்ணெய் உருகாமல், குழையும் பதத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலையே இதற்கு ஏற்ற வேளை. பொடித்த சீனியையும் வெண்ணெயையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இறுதியில் சலித்த மைதாவையும் பேக்கிங் பவுடரையும் மெதுவாகக் கலந்து, 160 முதல் 170 டிகிரி சூட்டில் ஏறத்தாழ 50 நிமிடம் வைத்தால் போதும். நன்றாக ஆறுமுன் பெட்டியில் அடைத்தால் உள்ளே ஈரம் கட்டி விரைவில் பூசணம் பிடிக்கும். மக்ரூன் செய்வோர் இதற்கு மேலும் விழிப்பாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று பட்டால் அது நமுத்துப்போகும். காற்றுப் புகாத டப்பாவில் உடனே மூடிவிட வேண்டும்.

இங்கே மனச்சான்றைத் தொடும் ஒரு நுணுக்கம் உண்டு. மேலே கூறிய பொருள்களின் கூட்டு நிறை ஒரு கிலோ. அது வெந்து வெளிவரும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஈரம் ஆவியாகி, 900 கிராம் அளவே நிற்கும். கலவை ஒரு கிலோ இருந்ததே என்று அதை ஒரு கிலோ கேக்காக விற்றால், அறியாமல் செய்தாலும் அது குறைந்த எடையே. வெந்து ஆறியபின் நிறுத்து, நிறுத்ததைச் சொல்லி விற்பதே முறை. அவ்வாறே வெண்ணெய்க்குப் பதில் மார்கரினோ எண்ணெயோ சேர்த்தால் தவறில்லை. அதை வெண்ணெய்க் கேக் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

உழைப்பின் நிறை

நம் சகோதரிகள் பெரும்பாலும் தடுமாறுவது விலை சொல்லும் இடத்தில்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்திற்கு மாதம் மாறும். நீங்கள் உங்கள் ஊர் விலையை இட்டுக் கணக்கிடுங்கள்.

மைதா ரூ. 15, வெண்ணெய் ரூ. 150, சீனி ரூ. 12, முட்டை ரூ. 35, பேக்கிங் பவுடரும் எசென்சும் ரூ. 8, ஆகப் பொருள் செலவு ரூ. 220. கேக்கை ரூ. 300-க்குக் கொடுத்தால் ரூ. 80 இலாபம் என்று தாய் மகிழ்கிறார். அட்டைப்பெட்டிக்கும் பட்டர் பேப்பருக்கும் ரூ. 25, மின்சாரத்திற்கு ரூ. 15 ஆனதை அவர் எண்ணவில்லை. அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ரூ. 40. இரண்டு கேக்குகளை ஒன்றாகச் செய்தாலும், கடைக்குப் போய்வருவது முதல் பாத்திரம் கழுவுவது வரை மூன்று மணி நேரமாகும். ஒரு கேக்கிற்கு ஒன்றரை மணி. அப்படியானால் அவருடைய உழைப்புக்குக் கிடைத்தது ஒரு மணிக்கு 27 ரூபாய்கூட இல்லை. நெருப்பின் முன் நின்ற களைப்பைப் பற்றியும், ஓவன் தேய்வதைப் பற்றியும், கருகிப்போன கேக்கைப் பற்றியும் இன்னும் நாம் பேசவே இல்லை.

சரியான கணக்கு வேறு. பொருளும் பெட்டியும் மின்சாரமும் சேர்ந்து ரூ. 260. உங்கள் ஊரில் ஒரு பெண் வெளியே சென்று ஒரு நாள் உழைத்தால் என்ன கூலி பெறுவாரோ, அதற்குக் குறையாமல் உங்கள் மணிக்கணக்கிற்கும் விலையிடுங்கள். மணிக்கு ரூ. 80 என்று கொண்டால் ஒன்றரை மணிக்கு ரூ. 120. ஆக ரூ. 380. தேய்மானத்திற்கும் வீணாவதற்கும் ரூ. 20 சேர்த்தால் ரூ. 400. நாளை மற்றொரு தட்டோ, நல்ல பீட்டரோ வாங்குவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேமிப்பு ரூ. 40. இவ்வாறு ரூ. 440 என்பதே அக்கேக்கின் நேர்மையான விலை. மக்ரூன் செய்வோர் எஞ்சும் மஞ்சள்கருவையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதை வேறு பண்டத்தில் பயன்படுத்தத் திட்டமில்லையேல், முட்டையின் முழுவிலையும் வெள்ளைக்கருவின் மீதே விழும்.

"பேக்கரியில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே!" என்பார்கள். மொத்தமாகப் பொருள் வாங்கி, நூற்றுக்கணக்கில் சுடும் கடையோடு ஒற்றை ஓவன் விலையில் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். விலை மிகுதி என்று தோன்றுவோருக்குக் கால் கிலோ, அரைக் கிலோ அளவில் செய்து கொடுங்கள். தரத்தையும் உழைப்பின் கூலியையும் குறைத்து விலையைக் குறைக்காதீர்கள்.

"அக்கா, நமக்குள்ளே என்ன விலை? பொருளுக்கு ஆன காசை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அண்டை வீட்டாரும் உறவினரும் அன்போடு சொல்வதும் உண்டு. சொல்பவர் தீய எண்ணத்தால் சொல்வதில்லை. ஆயினும் அச்சொல்லுக்குள் ஒரு தவறான கருத்து மறைந்திருக்கிறது. பெண்ணின் கைவேலைக்கு விலையில்லை, அது அடுப்பங்கரையில் இலவசமாக ஊறுவது என்பதே அது. கொத்தனாரிடமோ தச்சரிடமோ நாம் செங்கல்லுக்கும் பலகைக்கும் மட்டும் காசு தருகிறோம் என்று சொல்வோமா?

ஆன்மீக நூல்கள் அறிந்த வாசகர் ஒருவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூலின் 57-ஆம் அதிகாரம் மடத்துக் கைவினைஞரைப் பற்றியது. மடத்துப் பொருள்களை வெளியாரின் விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும் என்று அது பணிக்கிறது. கிறிஸ்தவக் குடும்பமும் அவ்வாறே செய்ய வேண்டாமா? துறவிக்கு உணவும் உடையும் உறையுளும் மடம் தருகிறது. விலையைக் குறைப்பதால் அவருடைய பிள்ளை பசித்திருக்கப் போவதில்லை. இல்லறத்தாளின் நிலை அதுவன்று. அவள் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவளுடைய குழந்தையின் பாலிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் குறைகிறது. புனிதர் அங்கே கண்டித்தது விலையில் நுழையும் பேராசையையும் வஞ்சகத்தையும். அக்கண்டனம் நமக்கும் உரியதே. நேரிய கூலி பேராசையாகாது.

1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ வெளியிட்ட சுற்றுமடல், தொழிலாளிக்கு வாழ்க்கையை நடத்தப் போதுமான ஊதியம் நீதியின்படி உரியது என்று உலகிற்கு எடுத்துரைத்தது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் வீட்டில் தாய்மார் படும் பாட்டையும் உழைப்பாகவே கண்டு, சமுதாயம் அதற்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றார். 2025-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14-ஆம் லியோ, அப்பெயரைத் தாம் தெரிந்துகொண்டதற்கு 13-ஆம் லியோவின் அச்சுற்றுமடலையே முக்கிய காரணமாகக் கூறினார். திருச்சபையின் சமூகப் போதனை தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடுவதன்று. அது நம் அடுப்பங்கரைக்குள்ளும் வருகிறது.

வாக்கின் நிறை

பிறர் உண்பதற்குச் செய்து கொடுப்பவர், அவர்களுடைய உடல்நலத்திற்குப் பொறுப்பேற்கிறார். நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் வீட்டில் செய்து விற்போருக்கும் பொருந்தும். 2011-ஆம் ஆண்டின் விதிமுறைகள் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பனை செய்யும் சிறு தயாரிப்பாளருக்கு, பெரிய உரிமம் இன்றிப் பதிவு மட்டும் போதும் என்று வகுத்தன. இத்தகைய விதிகள் காலத்திற்கேற்பத் திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ளதை உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டறியுங்கள். பதிவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அது பொறுப்புள்ளவர் என்பதற்கான அடையாளம்.

பெட்டியில் அடைத்து விற்கும்போது பண்டத்தின் பெயர், சேர்ந்த பொருள்கள், நிகர எடை, விலை, செய்த நாள், எந்நாள் வரை உண்ணலாம் என்பது, பதிவு எண், செய்தவர் முகவரி ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். முட்டை சேர்ந்த பண்டத்திற்கு அசைவக் குறி இட வேண்டும். கோதுமை, பால், முட்டை, முந்திரி ஆகியவை சிலர் உடலுக்கு ஒவ்வாமல் பெருந்துன்பம் விளைவிக்கும். அவற்றையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். விற்பனைக்குப் பயன்படும் தராசு, எடையளவுத் துறையின் முத்திரை பெற்றதாய் இருக்க வேண்டும். வீட்டு உபயோகத்திற்கென வழங்கப்படும் சமையல் எரிவாயு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருவதில்லை. மின் இணைப்பைப் பற்றியும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. சீசருக்குரியதைச் செலுத்துவதும் கிறிஸ்தவ அறமன்றோ?

கிரீம் வைத்த கேக்கைச் சித்திரை வெயிலில் மேசைமீது அலங்காரமாக வைத்திருக்கக் கூடாது. அதைக் குளிர்ப்பெட்டியில் ஐந்து டிகிரிக்குக் கீழ் வைத்து, விழா நேரத்திலேயே எடுக்க வேண்டும். பச்சை முட்டை சேர்ந்த மேற்பூச்சை அறவே தவிர்ப்பது நலம். விரிசல் விட்ட முட்டை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அந்த வாரம் ஆர்டர் எடுக்காமலிருப்பதே பிறரன்பு.

கிறிஸ்துமஸ் கேக்கின் பழங்களை ரம்மில் ஊறவைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். மதுவால் கண்ணீர் வடிக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள். குடியை விட்டு மீண்ட ஒருவருக்கு அவ்வாசனையே சோதனையாகலாம். உலர்ந்த பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் சற்றுக் கொதிக்கவிட்டு, குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்தினால் சுவை குன்றாது. ஆயினும் ரம்மைப்போல் அது மாதக்கணக்கில் தாங்காது என்பதை நினைவிற்கொள்க.

இல்லத்தின் நிறை

தொழிலைக் கடனில் தொடங்காதீர்கள். நகையை அடகு வைத்துப் பெரிய ஓவன் வாங்குவது, நீந்தத் தெரியுமுன் ஆழ்கடலில் குதிப்பதாகும். இருக்கும் குக்கரிலோ, சிறிய ஓவனிலோ தொடங்கி, பத்துப் பேர் திரும்பவும் கேட்டு வாங்குகிறார்களா என்று பாருங்கள். அதன்பின் கடன் தேவைப்பட்டால், கந்துவட்டியை நாடாமல் மகளிர் சுய உதவிக் குழுவையோ வங்கியையோ நாடுங்கள். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழு முயற்சி இன்று சிற்றூர்தோறும் பரவியுள்ளது. 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில், சிசு என்னும் முதற்பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்து அடமானமின்றிக் கடன் பெற வழியுண்டு. கோவையிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகமும், வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களும் தொழிற்பயிற்சி அளிக்கின்றன. விற்பனைக் காசையும் வீட்டுச் செலவுக் காசையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். இரண்டு டப்பா, இரண்டு நோட்டு. இவ்வளவுதான் தொடக்கக் கணக்கியல்.

அடுத்து, உங்கள் வலிமையையும் நிறுத்துப் பாருங்கள். ஓர் ஓவனில் ஒரு முறைக்கு இரண்டு கேக், ஒரு நாளைக்கு ஐந்து முறை என்றால் பத்துக் கேக்குகளே செய்ய இயலும். டிசம்பர் 23-ஆம் நாள் நாற்பது பேருக்கு வாக்களித்தால் என்னாகும்? இரவெல்லாம் கண்விழித்து, பிள்ளைகளை அதட்டி, கடைசிக் கேக்கைக் கருக்கி, நள்ளிரவுத் திருப்பலிக்கு மணி அடிக்கும்போது தாய் சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருப்பார். ஊரெல்லாம் இனிப்பாகக் கிறிஸ்து பிறப்பு கொண்டாட, அந்த வீட்டுக் குடிலில் மட்டும் விளக்கேற்ற ஆளிராது. இது நடக்கலாகாது. ஆர்டர்களைத் தேதிவாரியாக நோட்டில் எழுதி, பாதித் தொகையை முன்பணமாகப் பெற்று, நாள் நிரம்பியதும் பணிவோடு இல்லை என்று சொல்லப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவனுக்கும் ஓய்வு கொடுங்கள். ஆண்டவருடைய நாள் உழைப்பாளிக்கு இறைவன் தந்த கொடை.

கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மனைவி ஈட்டும் பணத்தைக் கணக்குக் கேட்கும் முன், அவள் கழுவும் பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். கடைக்குப் போவதும், கேக்கைக் கொண்டு சேர்ப்பதும், கணக்கெழுதுவதும் உங்கள் பங்காகட்டும். மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் பாத்திரம் தேய்க்கக் கற்றுக்கொடுங்கள். நாசரேத்தூர் இல்லத்தில் தச்சுப்பட்டறையும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ்தான் இருந்தன.

பங்கின் கடமை

இறுதியாக, பங்குச் சமூகமாக நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. முதல் நற்கருணை விழாவிற்கும், பங்குத் திருவிழாவிற்கும், சபைகளின் ஆண்டு விழாவிற்கும் கேக் தேவைப்படும்போது நம் பங்கின் குடும்பங்களை முதலில் நினைப்போம். அவ்வாறு நினைக்கும்போது, "கோயில் காரியம்தானே, சும்மா செய்து கொடுங்கள்" என்று கேளாதிருப்போம். விரும்பிக் கொடுக்கும் காணிக்கை வேறு, கேட்டுப் பெறும் உழைப்பு வேறு. ஏழைத் தாயின் மூன்று மணி நேரக் கூலியைப் பக்தியின் பெயரால் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. பங்குப் பேரவைகளும், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை முதலிய அமைப்புகளும் இதை ஒரு விதியாகவே கொள்வது நன்று. விலையைப் பேரமின்றி, அன்றைக்கே கொடுத்துவிடுவது அதிலும் நன்று. கடன் சொல்லிப் போகும் வாடிக்கையாளரே சிறு தொழிலின் முதல் எதிரி.

இவ்வாறு நேரிய கூலி பெறும் தாய், தானும் கொடுக்கத் தவறமாட்டார். அங்கேரி நாட்டுப் புனித எலிசபெத் (1207-1231) அரச குடும்பத்தில் பிறந்தும், தம் கையாலேயே ஏழைகளுக்கு ரொட்டி வழங்கியவர். ரொட்டி சுடுவோர் அவரைத் தங்கள் பாதுகாவலியாகக் கொண்டாடுகின்றனர். செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோணியாரின் பெயரால் ஏழைகளுக்கு அப்பம் வழங்கும் வழக்கமும் நாம் அறிந்ததே. மாதத்தில் ஒரு தட்டு, விற்பனைக்கு அல்லாமல், முதியோர் இல்லத்திற்கோ நோயுற்ற அயலாருக்கோ செல்லட்டும். விலையைச் சரியாகப் பெறுபவரால்தான் கொடையை மனமாரக் கொடுக்க முடியும். கூலியையே இழந்தவரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கும்?

நீதிமொழிகள் நூல் தன் கடைசி அதிகாரத்தில் பாராட்டும் பெண், விடியுமுன் எழுந்து வீட்டாருக்கு உணவளிக்கிறாள். தன் வணிகம் ஆதாயம் தருவதை அவள் அறிந்திருக்கிறாள். அதே கையை எளியவருக்கு நீட்டவும் செய்கிறாள். இம்மூன்றையும் இறைவாக்கு ஒருத்தியிடமே கண்டு போற்றுகிறது. விண்ணரசை விளக்க வந்த ஆண்டவரும் மூன்று மரக்கால் மாவில் புளிப்பு மாவைக் கலக்கும் ஒரு பெண்ணைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். அடுப்பங்கரை அவருக்கு அற்பமான இடமாகத் தோன்றவில்லை.

ஆகவே, அன்புச் சகோதரிகளே, தொடங்குங்கள், சிறிதாகத் தொடங்குங்கள். மாவை நிறுங்கள், வாக்கை நிறுங்கள். உங்கள் உழைப்பையும் மறவாமல் அதே தட்டில் வைத்து நிறுங்கள். நேர்மையான தராசு இருக்கும் அடுப்பங்கரைகளின்மீது ஆண்டவருடைய ஆசி நிலைத்திருப்பதாக!